ஆரு குடிக்க?

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பெயர், கணவர் பெயர், கதவு எண் மூன்றையும் ஒருமுறை அரசாங்கப் படிவத்தில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஒரு மனிதரை அப்படி எழுதுவது ஆயுளுக்கு ஒரு தடவை போதும். அருமனைச் சந்தியில் எல்லோருக்கும் அவர் காப்பிப்பொடி அக்கா. எனக்கும் அதுவே.

நான் உணவு ஆய்வாளராக இருந்தவன். கலப்படம் பிடிப்பது வேலை. பிடித்தது கொஞ்சம், படிவம் நிரப்பியது அதிகம். மல்லிப்பொடியில் மரத்தூள், தேயிலையில் ஒருமுறை கொதித்துக் காய்ந்த தேயிலை, காப்பிப்பொடியில் சிக்கரி என்று பணிக்காலம் முழுவதும் இவற்றோடு குடும்பம் நடத்தினேன். சிக்கரி ஒரு செடியின் வேர். வறுத்துப் பொடித்துச் சேர்த்தால் காப்பிக்கு நிறமும் கனமும் வரும். விஷமில்லை. சட்டம் அதைத் தடுக்கவும் இல்லை. பாதிக்கு மேல் காப்பி இருக்க வேண்டும், எவ்வளவு கலந்தது என்று பொட்டலத்தில் சீட்டு ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ மேல்தான் எனக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது.

அக்காவின் கடை ஒரு ஆள் கை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும் அளவு. பின்பக்கம் தேங்காய்ச் சிரட்டைத் தீயின் மேல் ஒரு இரும்பு உருளை. அதன் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு அவர் கணவர். அவர் பேசி நான் கேட்டது இத்தனை வருடத்தில் ஒரே ஒரு வாக்கியம். அதைப் பிறகு சொல்கிறேன். முன்பக்கம் அரைக்கும் இயந்திரம், ஒரு தராசு, இரண்டு சாக்கு. ஒரு சாக்கில் சுற்றுவட்டாரத்துப் பறம்புகளில், அதாவது வீட்டுத் தோட்டங்களில், பலாவுக்கும் நல்லமிளகுக் கொடிக்கும் அடியில் யாரும் கவனிக்காமல் காய்க்கும் காப்பிக்கொட்டை. இன்னொன்றில் மலையிலிருந்து வரும் நல்ல கொட்டை. ஒரு தகர டின்னில் சிக்கரி. ஆனால் போகிறவன் காப்பிப்பொடி என்று கேட்டால் அக்கா தராசைத் தொடமாட்டார். முதலில் கேள்வி.

“ஆரு குடிக்க?”

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் அந்தக் கடையில் யாரும் பொடி வாங்கியதில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் காலை ஆகாரத்துக்கே காப்பி என்றுதான் பெயர். அஞ்சு இட்லி தின்று எழுந்தவனிடமும் “காப்பி குடிச்சாச்சா?” என்றுதான் கேட்போம். அப்படிப்பட்ட ஊரில் யார் குடிக்க என்று கேட்டால் வீட்டு விவரம் முழுவதும் வந்துவிழும். அக்கா அதற்கேற்ப அள்ளுவார்.

மரித்த வீட்டுக்கு என்றால் சிக்கரி தாராளம். அண்டாவில் கருப்பட்டி போட்டுக் கொதிக்கவைத்துக் கொண்டே இருப்பார்கள், நல்ல கொட்டை அதில் கசந்து செத்துப்போகும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு என்றால் பறம்புக் கொட்டை, கருக வறுத்தது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் “பையனுக்க அம்மைக்கு எந்த ஊரு?” என்று ஒரு துணைக்கேள்வி. தக்கலைப் பக்கத்துக்கு ஒரு பதம், நாகர்கோவிலுக்கு ஒரு பதம். ஒருநாள் ஒருவர் வந்து, எட்டு வருடம் பேசாத தம்பி வீட்டுக்கு வருகிறான் என்று சொல்ல, அக்கா மலைக்கொட்டையில் கை வைத்தபடி யோசித்து, “பிணக்கம் சொத்துக்கா, சொன்ன வாக்குக்கா?” என்று கேட்டதை நானே பார்த்தேன். வந்தவர் “வாக்குக்கு” என்றார். “அப்போ எளுப்பம்தான், லேசாத் தீரும்” என்று சிக்கரியே போடாமல் அரைத்தார். சொத்துத் தகராறுக்கு என்ன பதம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் தம்பியும் நானும் அப்போது பேசிக்கொள்ளாத காலம்.

நான் முதன்முதலில் அங்கே போனது மாதிரி எடுக்க. மாதத்துக்கு இத்தனை மாதிரி என்று மேலிடம் கேட்கும். காப்பிப்பொடி அந்த மாதம் பாக்கி. நடைமுறை இதுதான்: வாடிக்கையாளர் போல விலைக்கு வாங்கி, நான் யார் என்று எழுத்தில் தெரிவித்து, மூன்று புட்டியில் பிரித்து, அரக்கு வைத்து, சாட்சி கையெழுத்து வாங்கி, ஒன்றைப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். மனப்பாடமாகத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் உட்பிரிவோடு சொல்வேன்.

“அக்கா, காப்பிப்பொடி வேணும்.”

“ஆரு குடிக்க?”

“யாரும் குடிக்க இல்ல. மாதிரி எடுக்க. நான் உணவு ஆய்வாளர்.”

“இருக்கட்டும் சாரே. குடிக்கியது ஆராக்கும்?”

“பகுப்பாய்வுக் கூடத்துக்குப் போகும்.”

“அங்க எத்தற பேரு உண்டும்?”

“ஒரு அதிகாரி இருக்கார்.”

“வயசாளியா? சுகரு, பிரஷரு வல்லதும் உண்டுமா?”

“அக்கா, அவர் குடிக்கமாட்டார். எரிச்சு, சாம்பலை நிறுத்துப் பார்ப்பார்.”

உருளை நின்றது. கணவர் திரும்பிப் பார்த்துத் தன் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னார்: “எரிக்கியதுக்கா நான் இஞ்ச கெடந்து வேகியேன்?”

நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். அரைத்துவைத்த பொடி எங்கும் இல்லை. “பொடி இருப்பு எங்கே?” என்றேன். “பொடிச்சு வச்சா மணம் போவும்லா. ஆளு வந்து சொன்ன பொறவாக்கும் பொடிப்பேன்” என்றார். அப்போதுதான் சிக்கல் புரிந்தது. கொட்டை தனியாகச் சுத்தம். சிக்கரி தனியாகச் சுத்தம். கலப்படம் என்று ஒன்று அந்தக் கடையில் உருவாக வேண்டுமென்றால் யார் குடிக்க என்று நான் சொல்லியாக வேண்டும். மாதிரி தர மறுப்பது குற்றம், அதற்குப் பிரிவு உண்டு. அக்கா மறுக்கவில்லை, கேள்வி கேட்கிறார். அதற்குப் பிரிவு இல்லை.

சாட்சிக்கு எதிர்க்கடைத் தையல்காரரை அழைத்தேன். வந்தார், அக்கா கொடுத்த காப்பியைக் குடித்தார், படிவத்தைப் பார்த்தார். “ஒப்புப் போட்டா நாளைக்கு எனக்க வீட்டுக்குப் பொடி வேண்டாமா சாரே?” என்று சொல்லிவிட்டுப் போய் மிஷினில் உட்கார்ந்தார். கடைசியில் திற்பரப்பு அருவிக்குக் குளிக்கப்போகும் வழியில் வண்டி பழுதாகி நின்ற ஒரு கோயம்புத்தூர்க்காரர் கையெழுத்திட்டார். அக்கா அந்த அதிகாரிக்காக மலைக்கொட்டையை மட்டும் அரைத்துத் தந்தார். “எரிக்கட்டு. எரிக்கியதுக்கு முன்ன ஒருவாய் குடிக்கத் தோணணும், அவ்வளவுதான்.”

அறிக்கை வந்தது. தரத்துக்கு உட்பட்டது. அறிக்கைக்கு இரண்டு நாள் முன்பே ஒரு தொலைபேசி அழைப்பும் வந்தது. “அந்தக் கடை அருமனையில எந்தப் பக்கம் சார்?” என்று ஒரு குரல் கேட்டது. குரலுக்கு உரியவர் யார் என்று எந்தக் கோப்பிலும் நான் எழுதவில்லை.

ஆனாலும் நான் விட்டுவிடவில்லை. கலந்து விற்கும் ஒவ்வொரு பொட்டலத்திலும் சீட்டு இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அடுத்த தடவை வழக்கு என்றேன். நானே ஒரு தாளில் கட்டம் போட்டு மாதிரி வரைந்து கொடுத்தேன்: காப்பி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு, அரைத்த தேதி. அக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

“கொள்ளாம், நல்லாட்டு இருக்கு. ஒரு கட்டம் கொறையுதே.”

“என்ன?”

“குடிக்கியவரு.”

“சட்டத்துக்கு அது வேண்டாம்.”

“சட்டத்துக்கு வேண்டாம் சாரே. எனக்கு வேணும்.”

அடுத்த தடவை போனபோது, சொல்லிவிட்டுப் போனவர்களுக்காக அரைத்து மடித்துவைத்திருந்த எல்லாப் பொட்டலத்தின் அடியிலும் சீட்டு ஒட்டியிருந்தது. பென்சில் எழுத்து. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ‘காப்பி 55. சிக்கரி 45. குடிக்கிறவர்: ஹெட்மாஸ்டர் சார்.’ கடைசியில் அவராகவே சேர்த்துக்கொண்ட இன்னொரு கட்டம். அதில் ‘தெரியாது’ என்று இருந்தது.

“இது என்ன அக்கா?”

“குடிக்கியவருக்கு விவரம் தெரியுமா தெரியாதாண்ணு. தெரியாதெங்கி நான் வாயத் தொறக்கப்பிடாதுல்லா.”

விஷயம் இது. ஓய்வுபெற்ற அந்தத் தலைமையாசிரியருக்கு நெஞ்சில் அடைப்பு. டாக்டர் காப்பியைக் குறைக்கச் சொன்னார். அவர் டாக்டரைக் குறைத்துக்கொண்டார். மகள் வந்து அக்காவிடம் அழுதாள். அன்றிலிருந்து அவருக்கு ‘ஸ்பெஷல்’. அவரோ காலையில் நடைபழகும் கூட்டத்தில், தான் குடிப்பதுபோல் கடுங்காப்பி இந்தத் தாலுகாவில் எவனாலும் குடிக்க முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“சீட்டைப் படிச்சா குட்டு வெளிப்படாதா?” என்றேன்.

“சீட்டு ஒட்டியாச்சு. படிக்கியதும் படிக்காததும் அவருக்க பாடு.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் வாசிக்கக் கற்றுக்கொடுத்த மனிதர், தன் வீட்டுப் பொட்டலத்தின் அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை. இதை நான் பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இதைக் குறித்துவைத்துக் கொள்ளுங்கள்.

அக்காவுக்குக் காப்பியின் வரலாற்றில் ஒரு தனிக் கொள்கை உண்டு. உலகத்தில் எந்தக் காப்பியும் நேர்வழியில் ஊர் மாறியதில்லை என்பது அது. அரேபியாவில் முளைக்கிற கொட்டையை வெளியே விடமாட்டார்களாம். ஹஜ்ஜுக்குப் போன ஒரு பெரியவர் ஏழு கொட்டையை மறைத்து எடுத்துவந்து மைசூர்ப் பக்கத்து மலையில் நட்டார் என்று ஒரு கதை உண்டு அல்லவா, அதை அக்கா நேரில் பார்த்தவர்போலச் சொல்வார். பிறகு நம் அசம்பு மலைக்கு வருவார். வெள்ளைக்காரச் சாயிப்புமார் காடு வெட்டிக் காப்பி போட்டார்கள். இலையில் துருநோய் விழுந்து தோட்டம் தோட்டமாகப் பட்டுப்போனது. சிலர் தேயிலைக்கு மாறினார்கள், பிறகு ரப்பர் வந்தது. பட்டுப்போகாமல் நின்ற நாற்று நாலைந்தை மலையில் கூலிக்குப் போன இவருடைய பூட்டன் வேட்டி மடியில் கட்டி இறக்கினாராம். கடைக்குப் பின்னால் நிற்பது அந்தச் செடியின் வழிதான். கோடையில் முதல் மழை விழுந்து ஒரு வாரத்தில் வெள்ளையாகப் பூத்து, இரண்டு நாள் சந்தியில் பிச்சிப்பூக்காரிக்கு வியாபாரம் இல்லாமல் செய்யும்.

“எல்லாம் மடியில கட்டினதாக்கும் சாரே. உங்களுக்க சட்டம் அன்னு இருந்திருந்தா நாம இன்னும் கஞ்சிவெள்ளம் குடிச்சிட்டு இருப்போம்.”

இப்போது அவர் மஸ்கட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம் வாட்ஸாப்பில் ஒரு குரல் செய்தி. அங்கே அரபி வீட்டில் மஞ்சளாக, ஏலக்காய் போட்டு, சின்னக் கிண்ணத்தில் காப்பி கொடுத்தார்களாம். பேரீச்சம்பழம் கூட. “நல்லாட்டுத்தான் இருக்கு. ஆனா ஆருக்கும் ஒரே காப்பி. கெழவனுக்கும் அது, கொமரிக்கும் அது. ஒண்ணும் கேக்கமாட்டாவ.” தன் பெட்டியில் அரைக்கிலோ பொடி கொண்டுபோயிருக்கிறார். “மடியிலயா?” என்று பதில் அனுப்பினேன். சிரிப்பு மட்டும் பதினொரு வினாடி வந்தது.

நான் ஓய்வுபெறும் வரை பள்ளிக்கூடங்களில் ஒரு சோதனை செய்துகாட்டுவேன். கண்ணாடித் தம்ளரில் குளிர்ந்த தண்ணீர். மேலே பொடியைத் தூவினால் காப்பி மிதக்கும். சிக்கரி உடனே முங்கும், பழுப்பு நூல் போலக் கோடு விட்டுக்கொண்டு இறங்கும். பிள்ளைகளுக்கு மந்திரம் பார்த்த மாதிரி. அதற்குச் சுத்தமான பொடி அக்காவிடம்தான் வாங்குவேன். “ஆரு குடிக்க?” “குடிக்க இல்ல அக்கா, மிதக்க.” “மிதக்கியதுக்கா? செரி.” கப்பல் மாதிரி மிதக்கும்.

வீட்டுக்குப் பொடி வாங்குவது என் மனைவியின் இலாகா. அவள்தான் டின்னில் கொட்டுவாள், பொட்டலத்தாளை அடுப்பில் போடுவாள். நான் குடித்துவிட்டு, வந்தவர்களிடம் சொல்வேன்: “சுத்தக் காப்பி. ஒரு சிட்டிகை சிக்கரி கிடையாது. இந்த நாக்கை ஏமாத்த முடியாது.” மனைவி அப்போது உள்ளே ஏதாவது வேலையாகப் போய்விடுவாள். அடக்கம் என்று நினைத்திருந்தேன்.

ஓய்வுபெற்றுச் சில வருடம் கழித்து, திருச்சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ‘சமையலறையில் கலப்படம்’ என்று பேச அழைத்தார்கள். சிறப்பு விருந்தினர், புதிதாக வந்திருந்த உணவுப் பாதுகாப்பு அலுவலர். மதுரைப் பக்கத்துப் பெண். என் கடைசிப் பயிற்சி வகுப்பில் முன்வரிசையில் இருந்து எல்லாவற்றையும் குறிப்பெடுத்தவர். அங்கேயே எனக்கு எச்சரிக்கை மணி அடித்திருக்க வேண்டும். மனைவி வடை சுட முன்கூட்டியே போய்விட்டாள். நான் அவசரத்தில் அடுக்களைத் தட்டில் இருந்த பிரிக்காத காப்பிப்பொடிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனேன். கேட்கிறவர் யாரும் வீட்டில் இல்லை.

அரங்கு நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் அக்கா, கோயிலுக்கு உடுக்கும் வெள்ளைச் சேலையில். நான் மேசையில் இரண்டு தம்ளர் வைத்தேன். ஒன்றில் எங்கோ வாங்கிய மட்டமான கலப்புப் பொடி. முங்கியது. கைதட்டல். “இப்போ பாருங்க. இது என் வீட்டுப் பொடி. இந்தச் சந்தியில் உள்ள கடையில் பல வருசமா வாங்குறது. ஒரு சிட்டிகை சிக்கரி கிடையாது” என்று பொட்டலத்தை இரண்டாகக் கிழித்தேன். ஆடம்பரமாகவே கிழித்தேன். தூவினேன்.

சில துகள்கள் மரியாதைக்கு மிதந்தன. மிச்சமெல்லாம் பழுப்பு நூல் விட்டுக்கொண்டு நேரே அடிக்குப் போனது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “ஏட்டி, ரெண்டும் ஒண்ணு போலல்லா முங்குது?”

அலுவலர் என் பக்கம் சாய்ந்தார். மைக் அணைக்கப்படவில்லை. “சார், சுத்தம்னு சொல்லித்தான் வித்தாங்களா? எந்தக் கடை?”

அரங்கில் ஒருவர்கூட அக்காவின் பக்கம் திரும்பவில்லை. அதுவே திரும்பியதற்குச் சமம். ஆம் என்று நான் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு வேறு வழியில்லை. கூட்டம் முடிந்ததும் நேரே கடைக்குப் போய் மாதிரி எடுத்து வழக்குப் போட வேண்டும். உரிமம் போகலாம். அந்த நடைமுறையை வரிவரியாக அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். முன்னூறு காதுகளுக்கு எதிரில் இப்போதுதான் உண்மையை மைக்கில் சொல்லி முடித்திருந்தேன். அக்கா மடியில் கைகோர்த்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை.

வடைச்சட்டி பக்கமிருந்து என் மனைவி எழுந்து வந்தாள். கையில் கரண்டி.

“சாரு வாங்கல்ல. வாங்கியது நானாக்கும். கலக்கச் சொன்னதும் நானாக்கும்.”

“எப்பயிருந்து?” என்றேன். அதுவும் மைக்கில்தான்.

“நீங்க ஆபீசுல தலசுத்தி விழுந்தியளே, அன்னையில இருந்து. டாக்டர் சொன்னா கேட்டியளா? அக்காட்ட சொன்னேன்.”

அலுவலர் குறிப்பேட்டை மூடவில்லை. “கலந்தது தப்பில்லம்மா. சீட்டு இருக்கணும்.” மேசையில் நான் கிழித்த இரண்டு துண்டையும் எடுத்துத் திருப்பி, அடிப்பக்கத்தைச் சேர்த்துவைத்தார். கிழிசல் சீட்டின் நடுவில் போயிருந்தது. நான் வரைந்த கட்டங்கள். பென்சில் எழுத்து. உரக்கப் படித்தார்.

“காப்பி அறுபது. சிக்கரி நாற்பது. தேதி இருக்கு. குடிக்கிறவர்: இன்ஸ்பெக்டர் சார்.” நிறுத்தினார். “கடைசியில ஒரு கட்டம்… ‘தெரியாது’ன்னு போட்டிருக்கு. இது என்ன சார்?”

எனக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரியும் என்று நினைத்தேன். அரங்கு வெடித்ததைப் பார்த்தால் எல்லா வீட்டிலும் யாராவது ஒரு ‘தெரியாது’ இருந்திருக்க வேண்டும். தலைமையாசிரியரின் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அலுவலரும் சிரித்தார். பிறகு தொண்டையைச் சரிசெய்து, “சீட்டு முறைப்படி இருக்கு. வாங்குறவர் படிக்கணும்னு சட்டத்துல இல்ல” என்று குறிப்பேட்டை மூடினார். அதற்குத்தான் அன்றைக்கு அதிகக் கைதட்டல்.

கூட்டம் கலைந்தபோது அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். அத்தனை நேரமும் அடக்கிவைத்திருந்ததை அப்போதுதான் சொன்னார்.

“மிதக்கியதுக்குண்ணு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வேற தந்திருப்பேனே சாரே.”

மறுநாள் காலையில் நானே கடைக்குப் போனேன். இரவு முழுவதும் நாக்கை நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் எதைப் புகழ்ந்தது அது? கணவர் உருளையைச் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

“காப்பிப்பொடி வேணும் அக்கா.”

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “ஆரு குடிக்க?”

“நான்.”

கை மலைக்கொட்டைக்கும் சிக்கரி டின்னுக்கும் நடுவில் நின்றது. “மிதக்கவா?”

“வேண்டாம். முங்கட்டும்.”

அரைத்து, நிறுத்து, மடித்து, சீட்டில் எழுதி ஒட்டிக் கையில் தந்தார். கடையிலேயே நின்று, பொட்டலத்தைத் திருப்பி, கண்ணாடி போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல்தடவையாக என் வீட்டுச் சீட்டை முழுவதும் படித்தேன். காப்பி அறுபது. சிக்கரி நாற்பது. குடிக்கிறவர்: இன்ஸ்பெக்டர் சார்.

தெரியும்.